சாச்சி போட்ட தாபரிப்பு வழக்கு

"கணவர் என்னைப் பராமரிக்காமல் கைவிட்டுவிட்டார்" என்று என் சின்னம்மாவான சாச்சிக்காக நான் மனு எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் அந்தக் கணவருக்குப் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். என் கையெழுத்தில் எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. அன்று அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அந்தக் கணவரான சாச்சா முந்தல் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருந்தவர். மறதி நோய் முற்றி, கையெழுத்துப் போடுவதை மறந்தார்; பிறகு சாச்சியையே மறந்தார். தோட்டத்துக் குத்தகைப் பணம் மட்டும் மாதம் தவறாமல் அவர் பெயரிலிருந்த வங்கிக் கணக்கில் விழுந்தது. சாச்சியால் அதில் ஒரு சதமும் எடுக்க முடியவில்லை. மருந்துக்காகத் தையல் மெஷினையும் விற்றுவிட்டார். நான் புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியிடம் தட்டச்சு வேலை செய்தேன். மாவட்ட நீதிமன்றம் சாச்சியைப் பொறுப்பாளியாக நியமித்தால் பணம் எடுக்கலாம், ஆனால் வழக்குக்கு முற்பணம் வேண்டும் என்றார் அவர். அந்த முற்பணமோ அதே கணக்குக்குள் கிடந்தது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

அப்போது என் அதிமேதாவித்தனம் தலைதூக்கியது. முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் போகச் சட்டத்தரணியே தேவையில்லை. மனைவிக்குத் தாபரிப்புப் பணம் கொடுக்கும்படி அவர் கட்டளையிட்டால் வங்கி மறுக்குமா என்று சாச்சியைக் கரைத்தேன்.

"கைவிட்டார்னு வாயால எப்படிச் சொல்லுவன், மகள்?" என்று அழுதார். அழ அழத்தான் கையெழுத்து வாங்கினேன்.

சாச்சாவை வீட்டில் தனியே விட முடியாது. ஆகவே வாதியே எதிராளிக்கு வெள்ளைச் சாரன் உடுத்தி, தொப்பி போட்டு, கைபிடித்துக் காதியாரிடம் கூட்டிவந்தார். காதியார் மனுவை வாசித்து முடித்ததும் சாச்சா சாச்சியைக் காட்டி, "பாவம், யாரு பெத்த புள்ளயோ. கேக்குறதக் குடுங்க, நான் தாரன்" என்றார். வழக்கு வென்றாயிற்று என்று நினைத்தேன்.

காதியார் பேனாவை மூடினார். "சுயபுத்தி இல்லாதவர்ட சம்மதம் செல்லாது. இவருக்காகப் பதில் சொல்ல யாரு இரிக்கா?"

"நான்தான்" என்றார் சாச்சி.

"வழக்குப் போட்டதும் நீங்க, பதில் சொல்லவேண்டியதும் நீங்களா?" நல்ல மனிதர் அவர், எங்கள் முகத்தைப் பார்க்காமலே மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்.

இன்றும் அந்தக் கணக்கில் பணம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. சாச்சி கடன் வாங்கி அவருக்கு ஊட்டுகிறார். எனக்கு வெட்கம் இன்னும் ஆறவில்லை. அன்று முச்சக்கர வண்டியில் திரும்பும்போது சாச்சி முந்தானைக்குள் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டே வந்தார். சாச்சா மெல்ல அவர் தோளைத் தட்டினார்.

"அழாத புள்ள. உன்ட மாப்புளையக் கண்டு நான் கதைக்கிறன்."