நானூறு கட்டுரைகளும் கத்தரிக்கோல் அக்காவும்

போன் மணி அடித்தால் கத்தரிக்கோல் அக்கா மெல்லுவதை நிறுத்திவிடுவார். அவருடைய மேஜை மாடியில், கண்ணாடி அறைக்குள் இருக்கிறது. ஆனால் மதியச் சாப்பாடு மட்டும் கீழே புகார் அறையில்தான். போன் எடுக்கும் அண்ணனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, எதிர்முனையில் கத்துகிறவர் சொல்வதை இடது கையால் பழைய கவர்களின் முதுகில் குறித்துக்கொள்வார். வலது கை சோற்றில் இருக்கும். அந்த எழுத்தை அவரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. சில நாள் அவராலும் முடியாது.

"சனங்க எப்படிக் கேக்குறாங்களோ அப்படியே தலைப்பு வைக்கணும். 'நீரேற்றத் தொழில்நுட்பத்தின் புதிய பரிமாணங்கள்'னு எவனாவது போன் பண்ணிக் கேட்டானா?"

அந்தத் தலைப்பு என்னுடையது. எங்கள் கம்பெனி தண்ணீர் மோட்டார் செய்கிறது. அதன் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவது நானும் அக்காவும். தினம் ஒன்று போடு என்று முதலாளி சொன்னதில் நானூறு சேர்ந்துவிட்டன. பாதி வாழ்த்து, மீதி பீற்றல்.

போன மாதம் முதலாளி கூப்பிட்டார். "நானூறு எழுதி என்னத்தக் கிழிச்சீங்க? ஒரு மாசம் தர்றேன். பிரயோஜனம் காட்டலன்னா ரெண்டு பேரும் மூட்டையக் கட்டுங்க."

வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். அக்கா "சரி சார்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

நான் பதறியடித்து நானூற்று ஒன்றாவதை எழுத உட்கார்ந்தேன். "கைய வச்சுக்கிட்டு சும்மா இருடா" என்றார் அக்கா. மாதம் பத்துப் பேர்கூட எட்டிப் பார்க்காத கட்டுரையை எல்லாம் தூக்கினார். முந்நூற்றைம்பது போயே போச்சு. புகார் குறித்த கவர்களைப் புரட்டிப் பார்த்து, மிச்சத்தில் ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறாது. உள்ளே காற்று அடைத்திருக்கும். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும். இதை நான் நீரின் மகத்துவத்தில் ஆரம்பித்துப் பதினெட்டுப் பத்தி எழுதியிருந்தேன்.

"தொட்டி காஞ்சு கெடக்குறவன்கிட்ட போயி தண்ணியோட பெருமையப் பேசுறியே, நீ மனுஷனா?"

ஐந்து வரியாக வெட்டினார். அதையே போன் அண்ணனைப் பேசவைத்து ஒரு நிமிட வீடியோ ஆக்கினார். அதையே கடைக்காரர், பிளம்பர் எல்லாருக்கும் வாட்ஸப்பில் தள்ளினார். புதிதாக ஒரு வரி எழுதவில்லை.

கெடு முடிந்த அன்று மதியம் முதலாளியே படியிறங்கிப் புகார் அறைக்கு வந்துவிட்டார். "என் வாழ்க்கைப் பயணம் எங்கம்மா?" அவர் எழுதவைத்த அவர் கதையும் வெட்டுப்பட்டதில் ஒன்று.

"அத மாசம் மூணு பேரு படிச்சாங்க சார். நீங்க, உங்க மச்சான், இன்னொருத்தர் வழி தப்பி வந்துட்டாரு."

தொலைந்தோம் என்று நினைத்தேன். திட்டுவதற்கு வாயைத் திறந்த முதலாளி, திறந்தபடியே சுற்றிலும் பார்த்தார். "ஏன்யா, போன் அடிக்கவே காணோம்? லைன் செத்துப்போச்சா?"

"லைன் நல்லாத்தான் இருக்கு சார்," என்றார் போன் அண்ணன். "தெனம் அறுபது போன் வரும். அதுல நாப்பது 'தண்ணி ஏறல'தான். மெக்கானிக் ஓசியில அவ்வளவு தூரம் போயி, ஒரு சொம்பு தண்ணிய ஊத்திட்டு வருவாரு. இப்ப வீடியோவப் பாத்து அவங்களே ஊத்திக்கிறாங்க. நான் இந்த வாரம்தான் சோத்தச் சூடா திங்குறேன்."

முதலாளி நம்பாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். உயிரோடுதான் இருந்தது. "சரி, நடத்துங்க" என்று கிளம்பியவர், படியில் நின்று திரும்பினார். "என்னோடதையும் ஒரு அஞ்சு வரியில போடும்மா."

"நாலு வரி சார்."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஓடிப்போய் மனைவிக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா ஸ்டூலில் அப்படியே இருந்தார். மடியில் கவர், இடது கையில் பேனா. பத்து நிமிடமாகியும் போன் மூச்சு விடவில்லை. கவரில் ஓர் எழுத்தும் விழவில்லை. "என்னடா இது, ஒருத்தருக்கும் ஒண்ணும் கெட்டுப்போகலயா?" என்றார். எச்சில் கையை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்.