மூக்கு மாஸ்டரும் கரண்டிச் சத்தமும்

மைதானத்துக்குப் பின்னாலிருந்த சாப்பாட்டுத் தெருவில், கால்பந்துப் போட்டிக்காக நாட்டுக்கொரு கடை முளைத்திருந்தது. வாசலில் அந்தந்த நாட்டுக் கொடி, கல்லாவில் அந்தந்த நாட்டுச் சட்டை. வந்தவர்கள் ஆளுக்கொரு அட்டையை வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு முத்திரை. இங்கே நிலக்கடலை அரைத்து ஊற்றிய கோழி, எதிரே தீயில் வாட்டிய ஆட்டிறைச்சி, பக்கத்தில் காரமான மீன் சூப். உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டதாகப் படம் பிடித்துப் போட்டார்கள். பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்? வாசல்தான் வேறு வேறு. பின்பக்கம் பல வருஷமாக இருக்கிற ஒரே சமையற்கட்டு, ஒரே முதலாளி. நறுக்கவும் வறுக்கவும் நாலு பேர் இருந்தாலும் எல்லா நாட்டுக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர்.

அவருக்கு மூக்கு மாஸ்டர் என்று பெயர். வாசலில் நின்றபடியே பானையை மோந்து, உப்பு குறைவு என்று சொல்லிவிடுவார். உப்புக்கு ஏது வாசனை என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் சொன்னால் சரியாக இருந்தது, அவ்வளவுதான். "எங்க மாஸ்டர் மூக்குக்குத் தெரியாததா?" என்று முதலாளி போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

அந்த மூக்கு செத்துப்போய் இரண்டு வருஷமாகிவிட்டது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். வரவில்லை. ருசி தெரியாத சமையல்காரனை எவன் வேலைக்கு வைப்பான்? மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை.

அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். தையல் வேலையை விட்டுவிட்டு, அதே சமையற்கட்டில் பாத்திரம் தேய்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். புருஷனைக் கண்ணில் வைத்துக் காவல் காக்கிறாள் என்று கூட இருந்தவர்கள் கிண்டலடித்தார்கள். அவள் சிரித்து வைத்தாள். மாஸ்டர் பானையைக் கிளறிவிட்டுக் கரண்டியைத் தொட்டியில் போடுவார். கழுவுவதற்கு முன்னால் அதை நாக்கில் வைத்துப் பார்ப்பாள். பிறகு தொட்டியின் விளிம்பில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் உப்பு போதாது. இரண்டு என்றால் கூடிவிட்டது. மூன்று என்றால் அடுப்பிலிருந்து இறக்கிக் கீழே கொட்டு. மற்றதற்கெல்லாம் அவருக்குக் காது போதும். வெங்காயம் சிவக்கிற சத்தம் வேறு, கருகுகிற சத்தம் வேறு.

போட்டி வந்ததும் அந்தக் காதுக்கும் கேடு வந்தது. தெருவில் பெரிய திரை, ஊதுகுழல், மேளம். சொந்த அணி ஆடிய அன்று ஊரே அங்கேதான் கிடந்தது. கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்ட மீன் வண்டி வெயிலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தது. மேலாகப் புதுப் பனிக்கட்டி கொட்டியிருந்ததால் மாஸ்டர் அழுத்திப் பார்த்த விரலுக்கு மீன் இறுக்கமாகவே இருந்தது. அப்படியே சூப்பில் போட்டார்.

கரண்டி தொட்டிக்கு வந்தது. வாயில் வைத்ததும் அவளுக்கு நாக்கு சுருக்கென்றது. மூன்று தட்டு தட்டினாள். அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கோல் விழுந்தது. தெருவே அலறியதில் சுவர் அதிர்ந்தது. மாஸ்டர் திரும்பவில்லை.

கத்தியிருக்கலாம். மீன் கெட்டிருக்கிறது என்று நாலு வார்த்தை. ஆனால் முதலாளி அடுப்போரமாக நின்று போனில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். கிளறிக்கொண்டு நிற்கிற மாஸ்டருக்குத் தெரியாதது தொட்டியடியில் நிற்கிற உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பார். அதற்குப் பயந்து மறுபடியும் தட்டினாள், பலமாக.

"ஏம்மா, தாளம் போட்டது போதும். வெளிய தட்டெல்லாம் மலையா கெடக்கு, போய் அள்ளிட்டு வா" என்றார் முதலாளி.

கூட்டத்தில் இடிபட்டு அவள் திரும்பி வந்தபோது பானை கடைக்குப் போயிருந்தது. பின்னாலேயே ஓடினாள். முகத்தில் வண்ணம் பூசிய ஒரு சின்னப் பெண், அப்பாவின் தோளில் உட்கார்ந்து கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள். வாய் வரை வந்த சொல்லை மாஸ்டர் மனைவி விழுங்கினாள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரி நிறைந்துவிட்டது. அந்தச் சின்னப் பெண் மூச்சுத் திணறி, சாவின் வாசல் வரை போய்ப் பிழைத்தாள். பெற்றவர்கள் செய்த புண்ணியம், இவர்கள் செய்ததல்ல.

மறுநாள் சுகாதார அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

"இந்த மீன் கெட்டதுன்னு மாஸ்டருக்குத் தெரியாமப் போச்சுன்னா யாராவது நம்புவாங்களா?" என்றார் முதலாளி. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"அவர் வேண்டாம்னு ஒதுக்கித்தான் வச்சாருங்க" என்றாள் அவள். "நான்தான் தெரியாம அலசிப் பானையில போட்டுட்டேன். அவர் அந்தப் பக்கம் போயிருந்தார்."

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் இடிச்ச புளி மாதிரி நின்றார். மகள் படிப்பு, வீட்டு வாடகை, இந்த வயதில் வேறு வேலை என்று என்னென்னவோ மனதில் ஓடியது. ஓடி முடிவதற்குள் அவளை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

ஜாமீனில் வந்தாள். வழக்கு நடக்கிறது. அவள் முகம் ஊரில் எல்லார் போனிலும் இருக்கிறது. எங்கும் வேலை தரமாட்டார்கள். தெருவில் மீன் சூப் கடையை மட்டும் மூடினார்கள், மற்ற நாடுகள் வழக்கம்போல வியாபாரம் செய்தன. மாஸ்டர் அளவுக் கரண்டியை வைத்துக்கொண்டு சமைத்தார். கரண்டியைத் தொட்டியில் போட்டதும் காது தானாக அந்தப் பக்கம் போகும். புதிதாக வந்தவள் தன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

வீட்டில் இப்போது அவள் அடுப்புப் பக்கமே போவதில்லை. இறுதி ஆட்டத்தன்று அவர் சீக்கிரம் வந்து சோறும் குழம்பும் வைத்தார். மூவரும் உட்கார்ந்தார்கள்.

"உப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"சரியா இருக்கு" என்றாள் மனைவி.

மகள் ஒரு வாய் வைத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டினாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

"நிஜமா சொல்லு. சரியா இருக்கா?"

மனைவி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"உங்க மூக்குக்குத் தெரியாததா?" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த வாய் சோற்றைப் பிசைந்து எடுத்தாள்.