நடக்க முடியாத மாப்பிள்ளை

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது எங்கள் சமூக அறிவியல் மிஸ் வகுப்புக்கென்று இணையத்தில் ஒரு பிளாக் தொடங்கினார். ஆளுக்கொரு சமூகப் பிரச்சினையைப் பற்றி அதில் எழுத வேண்டும். படித்தவர்கள் கீழே கருத்துப் போட்டால் அதற்குத் தனி மதிப்பெண். பலகையில் எழுதியிருந்த தலைப்புகளில் பிளாஸ்டிக், புகையிலை, மரம் வெட்டுதல், செல்போன் மோகம் எல்லாம் ஐந்தே நிமிடத்தில் பறிபோயின. வருகைப் பதிவேட்டில் என் பெயர்தான் கடைசி. என் முறை வந்தபோது மிச்சம் இருந்தது வரதட்சணை மட்டும்.

டிவி தொடர்களில் மாமியார்கள் கேட்பார்கள் என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மிஸ்ஸோ கறாராகச் சொல்லிவிட்டார். "நெட்ல பாத்துக் காப்பி அடிச்சா ஜீரோ. உங்க வீட்ல, தெருவுல கண்ணால பாத்தத எழுதுங்க."

அப்பாவின் தங்கையான என் அத்தை அப்போது ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தாள். புடவைகளைப் படமெடுத்து வெளியூர்க்காரர்களுக்குப் போனில் அனுப்பி, அவர்கள் கேட்கிற நூறு கேள்விக்கும் பதில் தட்ட வேண்டும். எங்கள் வீட்டில் போனில் தமிழ் அடிக்கத் தெரிந்த ஒரே ஆள். அதனால் நான் சொல்லச் சொல்ல அத்தை தன் போனில் அடித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு.

சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்தோம். எதை எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்தேன்.

"போன ஞாயித்துக்கிழம என்ன நடந்துச்சோ அத எழுதேன்" என்றாள் அத்தை.

"அன்னிக்கு உன்னப் பொண்ணு பாக்க வந்தாங்க. அவங்க எதுவும் கேக்கலியே அத்த!"

"கேக்கலியா? மாப்ளையோட பெரியம்மா இன்னா சொன்னாங்க, யோசிச்சுப் பாரு."

யோசித்தேன். கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. "நாங்க எதுவும் கேக்கலமா. பையன் கம்பெனி பஸ்ஸப் புடிக்க டெய்லி மெயின் ரோடு வரைக்கும் நடந்துக்கினு இருக்கான். அத ஒரு பேச்சுக்குச் சொன்னேன்." அப்பா நெசவாளர் சங்கத்தில் பட்டு நூலைக் கிராம் கணக்கில் நிறுத்துக் கொடுப்பவர். அந்தப் பேச்சின் எடை அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர்கள் தெருமுனை தாண்டுவதற்குள் பைக் கடைக்குப் போன் போட்டுவிட்டார்.

எனக்குப் புரிந்த விதத்தில் அதையெல்லாம் சொன்னேன். "மாப்பிள்ளை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். பாவம், அவரால் மெயின் ரோடு வரை நடக்க முடியவில்லை. அது அரை கிலோமீட்டர் இருக்கும். என் தம்பிக்கு ஐந்து வயது. அவனே பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறான். கால் வலித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுப் பெண் வீட்டில் பைக் எதிர்பார்ப்பது சமூகப் பிரச்சினை." அத்தை நடுவில் இரண்டு முறை அடிப்பதை நிறுத்தித் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. 'நடக்க முடியாத மாப்பிள்ளை' என்று நான் வைத்த தலைப்பும் அப்படியே போனது.

இரண்டு நாளில் என் பதிவுக்குப் பன்னிரண்டு கருத்துகள். பிளாஸ்டிக் எழுதியவளுக்கே நான்குதான். பதினொன்று 'அருமை', 'சூப்பர்' வகை. ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது: 'எனக்குக் கால் நன்றாகத்தான் இருக்கிறது.' போட்டவர் பெயர் இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் பெரியம்மாவிடமிருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போடாமலே வீடு முழுக்கக் கேட்டது. "உங்க வீட்டுப் பாப்பா எங்க புள்ளைய நடக்க முடியாதவன்னு ஊருக்கே எழுதிடுச்சுபா!"

அப்பா அத்தையின் போனை வாங்கி நின்றபடியே படித்தார். திட்டவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார். அம்மாதான் பேசினாள். "இனிமே எதுவா இருந்தாலும் நோட்டுல எழுது. நோட்டுன்னா வீட்டோட கெடக்கும்." ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு, ஏழெட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஐயம்பேட்டையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நான் மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. என்னால் அத்தையின் கல்யாணம் நின்றுவிடும் என்று நினைத்து நினைத்து அழுதேன். அத்தையோ வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். எவ்வளவு துக்கத்தை உள்ளே அடக்கிக்கொண்டிருக்கிறாளோ என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் கிளம்பி நிற்கும்போது வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பிலும் பேண்ட் மடிப்பிலும் ஒரே புழுதி.

அப்பா பதறிப்போனார். "வாங்க மாப்ள! ஷேர் ஆட்டோ எதுவும் கெடைக்கலியா?"

"கெடச்சுது சார். நான்தான் நடந்து வந்தேன்."

"எங்கேர்ந்து?"

"வீட்லேர்ந்துதான்."

இரண்டு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டு, "அந்த ரைட்டர் யாரு?" என்று கேட்டார். அம்மா என்னை முன்னால் தள்ளினாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை நான் தொடங்குவதற்குள் அவரே பேசினார்.

"நல்லா எழுதியிருக்கமா. ஒரே ஒரு தப்புதான். அரை கிலோமீட்டர்னு போட்டிருக்க. அவ்ளோலாம் இல்ல. இங்கேர்ந்து அந்தக் கரண்டு கம்பம் வரைக்கும்தான்." பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "பெரியம்மா வண்டி கேட்டது எனக்குத் தெரியாது சார். இதப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. வீட்ல பேசிட்டேன். வண்டிலாம் வாணாம்."

அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. "இல்ல மாப்ள, எங்க திருப்திக்கு..."

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எனக்கு ஓட்டத் தெரியாது மச்சான்."

சமையலறையிலிருந்து அத்தையின் சிரிப்பு வெடித்தது. கூடவே ஏதோ பாத்திரம் உருண்டது. அப்பா சிரித்தார், அம்மா சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே தம்பியும் சிரித்தான். ஐயம்பேட்டைக்கென்று வாங்கிய பழங்களை எங்கள் வீட்டிலேயே அறுத்துச் சாப்பிட்டோம். திரும்பிப் போகும்போது அவரை நடக்கவிடாமல் அப்பாவே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் பெரியம்மா என் இலைக்கு முன் வந்து நின்று, "இன்னா ரைட்டரம்மா, இதயும் எழுதப்போறியா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு லட்டு வைத்தார்.

என் எழுத்து தன் பலத்திலேயே ஐயம்பேட்டை வரை போய்ச் சேர்ந்தது என்று வெகுநாள் கர்வமாக இருந்தேன். போன மாதம் அத்தை வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னபோது மாமா சிரித்தார். "தானாலாம் வரல. புது நம்பர்லேர்ந்து லிங்க் வந்துச்சு. கூடவே 'படித்துவிட்டுக் கருத்துச் சொல்லவும்'னு ஒரே ஒரு வரி. அது யாரு நம்பர்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் எனக்கே தெரியும்."

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வாணாம்னு அப்பாகிட்டயே சொல்லியிருக்கலாமே அத்த?"

"சொல்லியிருந்தா உங்க அப்பா அந்த எடமே வாணாம்னு முடிச்சிருப்பாரு. எனக்கு வண்டிதான்மா வாணாம்."

பெண் பார்க்க வந்த அன்று நான் கூடத்தில்தான் நின்றிருந்தேன். காப்பித் தட்டை நீட்டும்போது அத்தை ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்ததையும், பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டதையும் கண்ணால் கண்டேன். அதெல்லாம் எழுதுகிற விஷயம் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.