ஆம்பூரில் என் அம்பாசடர்

அரக்கோணத்தில் காலை ரயில் ஏறும்போதே கோபத்தோடுதான் ஏறினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே நகர்ந்து இடம் கொடுத்தார். காட்பாடிக்கு டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். கைப்பையில் செக் புத்தகம், ஒரு டப்பா தயிர்சாதம், ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் விற்ற காரின் மாற்றுச் சாவி. விற்றபோது அந்தச் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். மறக்கவெல்லாம் இல்லை. கொடுக்க மனசு வரவில்லை.

வெள்ளை அம்பாசடர். இருபது வருடம் ஓட்டினேன். ரயில்வே புக்கிங் கவுண்டரில் டிக்கெட் கொடுப்பது என் வேலை. நான் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போன காலத்தில், ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவை ஹாரன் அடிப்பேன். நான் குள்ளம், கிளட்சுக்குக் கால் எட்டாது. தச்சரிடம் சொல்லி பெடல் மேல் ஒரு வேப்பங்கட்டையை வைத்துத் திருகிக்கொண்டேன். கண்ணில் புரை விழுந்து, இனி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வேலூர் புரோக்கர் ஒருவரிடம் விற்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மனிதர்கள் ஏறும் வண்டியாகவே ஓட வேண்டும், சரக்கு ஏற்றக் கூடாது. “கல்யாண வண்டியா ஓடும்மா, மாலையெல்லாம் போட்டு” என்று தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார் மனிதர்.

போன வாரம் என் அக்கா மகன் ரவி, ஆம்பூருக்குப் பிரியாணி சாப்பிடப் போன இடத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினான். என் வண்டி. டிக்கியில் நான் ஒட்டிய மயில் ஸ்டிக்கர் பாதி கிழிந்து இன்னும் இருக்கிறது. பின்சீட்டைக் காணோம். கூரை முட்டத் தோல். டிக்கி மூட முடியாமல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. கண் ஆபரேஷன் முடிந்து எனக்கு இப்போது நன்றாகவே தெரிகிறது. அந்தப் படமும் நன்றாகவே தெரிந்தது. வண்டியைத் திரும்ப வாங்கி, நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

காட்பாடியில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்து வேலூருக்குள் போனேன். புரோக்கர் சத்துவாச்சாரியில் அதே கொட்டகையில், அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.

“இன்னாம்மா, கண்ணு இப்போ எப்டி இருக்கு?”

“கண்ணு தெரியுது. என் வண்டி எங்க?”

அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. “வண்டின்னா நாலு கை மாறத்தான் செய்யும்மா. நான் ஒரு டாக்டர் வூட்டுக்குத்தான் குடுத்தேன். அவரு வெளிநாடு போய்ட்டாரு. இதுக்குப் போய் இவ்ளோ பேஜாரா?”

“தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணீங்களே?”

“என் தலைமேலதானேம்மா வெச்சேன்.”

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வண்டி இப்போது யார் கையில் இருக்கிறது என்று தெரியாமல் நகரமாட்டேன் என்றேன். புரோக்கர் நான்கைந்து இடத்துக்கு போன் போட்டு, ஆம்பூரில் நூருன்னிசா என்ற பெண்ணிடம் வண்டி இருப்பதாக விசாரித்துச் சொன்னார். காபி சொல்லட்டுமா என்று கேட்டார். நீங்களே குடிங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டியதும் பாலாறு கண்ணில் படுகிறது. மணலும் முள்செடியும்தான், ஆனாலும் பஸ்ஸில் எல்லோரும் ஆறு என்றுதான் சொன்னார்கள். மாதனூர் கடந்ததும் அந்த வாடை வந்தது. தோல் பதனிடும் ஊர்களின் வாடையை, போகாதவர்களுக்கு எப்படிச் சொல்வது? உப்புக்கண்டத்தையும் சுண்ணாம்பையும் ஒரே பானையில் மூடி வைத்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி. மூக்கைப் பொத்தினேன். “வெளியூரா? ரெண்டு நாள் இருந்தீங்கன்னா தெரியாது” என்றார் கண்டக்டர். ரெண்டு நாள் இருக்க வரவில்லை என்று அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

ஆம்பூரில் ஆட்டோக்காரர் நான் வாய் திறக்கும் முன்பே, “பிரியாணிக் கடைதானே?” என்றார்.

“கார். பழைய அம்பாசடர். நூருன்னிசான்னு ஒருத்தங்க வெச்சிருக்காங்க.”

“அப்பர் நூரக்காவா? அப்டி சொல்லுங்க” என்று எண்பது ரூபாய்க்குக் கொண்டுபோய் விட்டார்.

குறுகலான சந்து. ஒரு வீட்டு வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு நின்றது என் வண்டி. பக்கத்தில் போய்க் கதவைத் தொட்டேன். கதவுகளின் அடிப்பாகம் முழுக்கத் துரு. விரல் வைத்த இடத்தில் தகரம் பழைய முறுக்குபோல் உதிர்ந்தது. இருபது வருடம் வெயிலில் நின்றும் ஒரு பொட்டுத் துரு இல்லாத வண்டி! வீட்டுக்குள்ளிருந்து நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், முக்காட்டைச் சரிசெய்தபடி ஒரு கட்டுத் தோலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைவிடக் குள்ளம்.

“இன்னாம்மா வேணும்?”

“இது என் வண்டி.”

“இது என் வண்டி” என்றாள் அவள், தோல்கட்டை முன்சீட்டில் போட்டுக்கொண்டே.

பேசிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. படத்தில் நான் பார்த்தது பச்சைத் தோல் இல்லை. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய துண்டுகள். அப்பர் என்கிறார்கள். ஃபேக்டரியில் வெட்டி, கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். ஊர் ஊராகக் கொண்டுபோய் வீடுகளில் இருக்கும் பெண்களிடம் கொடுத்து, கையால் தைத்ததும் வாங்கி வந்து ஒப்படைப்பது நூருன்னிசாவின் வேலை. முப்பது வீடுகள் அவளை நம்பி இருக்கின்றன. எனக்குப் புரிந்தது, ஆனால் கோபம் குறையவில்லை.

“என்ன விலைன்னு சொல்லுங்க. இன்னைக்கே ஓட்டிக்கினு போறேன்.”

“தரமாட்டேன்.”

“இப்படித் துரு புடிக்க வெச்சு நாசம் பண்றதுக்கா வெச்சிருக்க?” ‘நீங்க’ எப்போது ‘நீ’ ஆனது என்று எனக்கே தெரியவில்லை.

அவளும் குரலை உயர்த்தினாள். “வித்தாச்சில்ல? அப்புறம் இன்னா அம்பாசடர், இன்னா பாசம்? அவ்ளோ ஆசைன்னா வூட்ல வெச்சுக்கினு இருந்திருக்கணும். எனக்கு நாலு மணிக்குள்ள ஃபேக்டரில சரக்கு ஒப்படைக்கணும். சண்டை போடணும்னா வண்டில ஏறுங்க, போய்க்கினே போடலாம்.”

ஏறினேன். விடுவேனா? அவள் காலை வைத்த இடத்தைப் பார்த்தேன். கிளட்ச் பெடல் மேல் என் வேப்பங்கட்டை அப்படியே இருந்தது. சாவி தேய்ந்துபோய், ஸ்க்ரூடிரைவரைச் செருகித் திருப்பி ஸ்டார்ட் செய்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பைக்குள் இருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், சொல்லவில்லை.

உமராபாத் சாலையில் இரண்டு ஊர் முடித்தோம். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் வந்து தைத்ததைக் கொடுத்துவிட்டுப் புதுக் கட்டு ஒன்றை வாங்கிப் போனார்கள். ஊசி குத்திய விரல்களில் துணி சுற்றியிருந்தது. நடுநடுவே எங்கள் சண்டையும் நடந்துகொண்டிருந்தது. கியரை இழுத்துப் போடுகிறாள் என்று நான் சொன்னால், இறங்கி நடங்க என்பாள். மூன்றாவது ஊருக்குள் நுழையும்போது பானெட்டிலிருந்து ஆவி வந்தது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது.

இந்த வண்டியின் கொதிப்பு எனக்குத் தெரியாததா? இறங்கினேன். எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மாள் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு குடம் கேட்டு வாங்கி, பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“ஊத்தாதீங்க!” நூருன்னிசா போட்ட கத்தலில் குடம் நழுவிப் புடவை முழுக்க நனைந்தது. ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தத் தண்ணிய ஊத்தாதீங்கம்மா, வண்டி செத்துப்பூடும்.”

டிக்கியிலிருந்து கடையில் வாங்கும் கேன் தண்ணீரை எடுத்து வந்தாள். சூடு ஆறட்டும் என்று இருவரும் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தோம். அப்போதுதான் சொன்னாள். வண்டி வந்த முதல் வருடம் தினமும் கழுவினாளாம். காலையும் மாலையும், போர்வெல் தண்ணீரில், தன் பழைய புடவையை வைத்துத் துடைத்துத் துடைத்து.

“அவ்ளோ ஆசை எனக்கு. எங்க சந்துல முதல் காரு. கழுவக் கழுவ வெள்ள வெள்ளையா பூத்துது, அப்புறம் பொத்தல் உழுந்துடுச்சு. மெக்கானிக்குதான் சொன்னாரு, இன்னாக்கா நீயே கொன்னுட்டியேன்னு.”

“இந்த ஊரு தண்ணி உப்புன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். தோல் ஃபேக்டரிக் கழிவு எறங்கின தண்ணி, மனுஷங்களுக்குத்தான் ஆவாதுன்னு நெனச்சேன். இது இரும்பாச்சே, இதுக்கு இன்னா ஆவப்போவுதுன்னு.”

எதிரே அந்த அம்மாள் பாத்திரம் தேய்த்து முடித்து, அதே குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கை வரை தோல் வெடித்து, வெள்ளை வெள்ளையாகத் திட்டு. “குடிக்க கேன் வாங்கறோம். வண்டிக்கும் கேன் வாங்கறேன். குளிக்கறதுக்கெல்லாம் யாரு கேன் வாங்கறது?” என்றாள் நூருன்னிசா. அழவில்லை, பொரிந்தாள். காலையிலிருந்து என்னிடம் காட்டிய கோபம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

ரேடியேட்டருக்குக் கேன் தண்ணீரை நான்தான் ஊற்றினேன். அப்புறம் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து, “ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிப் போடு, ஸ்விட்ச் போய்டும்” என்று அவள் மடியில் போட்டேன். மனம் இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். கியரை இழுத்துப் போட்டால் மறுபடி வந்து பிடுங்கிக்கொள்வேன் என்றும் சொல்லிவிட்டுத்தான் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். “வாங்க, பார்க்கலாம்” என்றாள்.

ரயிலில் புடவை காய்ந்தது. நனைந்த இடமெல்லாம் கோலமாவு கொட்டியதுபோல் வெள்ளைக் கறை. கை அரித்துக்கொண்டே வந்தது. வாசலில் ரவியும் பக்கத்து வீட்டுக்காரர்களும் ஆரத்தித் தட்டோடு காருக்காகக் காத்திருந்தார்கள். “வண்டி எங்க சித்தி?” என்றான். அந்த ஊரில் பிரியாணி தின்றாயே, கைகழுவிய தண்ணீரைப் பார்த்தாயா என்று கேட்டேன். பாவம், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். அரிப்பு நின்றது. ஒரு துளிகூடக் கறை விழவில்லை.

காலையில் எனக்கு யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்து, யார் எந்த ஊர் கேட்டாலும் டிக்கெட் கொடுத்தவள் நான். இரும்பைத் தின்னும் தண்ணீரில் அந்த அம்மாள் முகம் கழுவுகிறாரே, அதை எந்த ஊருக்குப் போய், யார் முகத்துக்கு நேராகக் கேட்பது? சொல்லுங்கள், நாளைக் காலை ரயிலுக்கே டிக்கெட் எடுக்கிறேன்.