அம்மா தள்ளி உட்கார்ந்த நாள்

சாம்பிராணிப் புகைக்கும் பினாயிலுக்கும் புதுக் குழந்தையின் பால் மணத்துக்கும் அடியில் இன்னொரு வாடை இருந்தது. என்னுடைய பத்து வயதுக் கோடை விடுமுறையை நினைக்கும்போதெல்லாம் மாங்காயோ நுங்கோ நினைவுக்கு வருவதில்லை. அந்த வாடைதான் முதலில் வருகிறது. மேனாம்பேட்டில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டில், அம்மா படுத்திருந்த கோரைப்பாயைச் சுற்றி அது நின்றது. சன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை, தரையைக் கழுவிவிட்டாலும் போகவில்லை. கெட்டுப்போன இறைச்சி என்று இப்போது எழுதிவிட முடிகிறது. அப்போது அதற்குப் பெயர் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.

அம்மாவின் பெயர் மல்லிகா. தெருவில் அவளை "பளிச்சு மல்லிகா" என்பார்கள். தேய்த்த பாத்திரத்தை இன்னொரு முறை தேய்ப்பாள், துவைத்த துணியை வெயிலில் விரித்துப் பார்த்து, கறை தெரிந்தால் திரும்பவும் ஊற வைப்பாள். குழாயடியில் அவள் குடத்துக்குப் பக்கத்தில் வேறு குடம் வைக்கவே மற்றவர்கள் கூசுவார்கள். சுத்தம்தான் அவளுடைய ஒரே கர்வம். நகை இல்லை, படிப்பு இல்லை, பெற்றவர்களும் உயிரோடு இல்லை. அதனால்தான் இரண்டாவது பிரசவத்துக்கு அவள் தாய் வீட்டுக்குப் போகவில்லை. மாங்காட்டிலிருந்து அப்பாவின் அக்கா, என் அத்தை, ஒரு பையில் துணிகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

அப்பா பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே கூட வேலை செய்தவர் ஒருவர் சொன்ன சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில்தான் அம்மாவைச் சேர்த்தோம். கீழே மருந்துக்கடை, பின்னால் பிரசவ அறை, மாடியில் டாக்டரம்மாவின் வீடு. வலி எடுத்த காலையில் அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அத்தை என்னையும் கூட்டிப் போனாள். பிரசவ அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் ஏறும்போதெல்லாம் அதற்கு மேல் நர்சின் குரல் ஏறியது.

"இன்னாமே இந்தக் கத்து கத்துற? உலகத்துல ஒனக்கு மட்டுந்தான் வலிக்குதா? வாய மூடிகினு முக்கு. இல்லன்னா எழுந்து ஊட்டுக்குப் போய்க்கினே இரு."

அதற்குப் பிறகு சுளீரென்று ஒரு சத்தம். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்தாள். "தொடையில தட்டுவாங்க, அப்பதான் புள்ள சீக்கிரம் வரும்" என்றாள். அத்தையின் பிரசவத்தில் அவளை அடித்தபோதும் யாரோ இதையே சொல்லியிருக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் டாக்டரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அதே நேரத்தில் ஆட்டோவில் இன்னொரு பெண்ணை அலறலோடு கொண்டு வந்து இறக்கினார்கள். இருந்தது ஒரே நர்சு. அந்த அறைக்கும் இந்த அறைக்குமாக அவள் ஓடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் துண்டில் சுற்றிய தம்பியைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தாள். அத்தை சிரித்தாள், அழுதாள், மாங்காட்டு அம்மனைக் கூப்பிட்டாள். எனக்கு மட்டும் அந்தச் சந்தோஷத்தில் நிற்க முடியவில்லை, ஏனென்றால் உள்ளே அம்மா இன்னும் கத்திக்கொண்டிருந்தாள், முன்னைவிடக் கூர்மையாக.

"பாப்பாதான் வெளிய வந்துருச்சே அத்தை, அம்மா ஏன் இன்னும் கத்துது?"

"தையல் போடறாங்க. சும்மா இரு, தம்பியப் பாரு."

மரத்துப்போக ஊசி போட்டுத்தான் தைக்க வேண்டும் என்று பல வருடங்களுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அந்த ஊசியைப் போடவில்லையா, போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லையா, தெரியாது. தம்பியின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது எப்போது நினைவுக்கு வந்தாலும் பின்னால் அந்தக் கத்தல் கேட்கிறது.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். வந்ததிலிருந்தே அம்மா சொன்னாள், "உள்ள இன்னாவோ அடைச்சு வெச்ச மாரி கீது அண்ணி" என்று. தையல் போட்டால் அப்படித்தான் என்றாள் அத்தை. ஒரு வாரத்தில் வாடை தொடங்கியது. பத்தாம் நாள் அம்மாவே சுவரைப் பிடித்து எழுந்து, புடவை மாற்றிக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்வதாகக் கிளம்பினாள். குடை பிடிக்க நானும் போனேன். டாக்டரம்மா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். எழுந்து வரவில்லை, அம்மாவைப் படுக்கச் சொல்லவில்லை. சீட்டில் மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்.

"தெனமும் குளிக்கிறியா?"

"ரெண்டு வேளையும் குளிக்கிறேம்மா."

"துணிய மாத்திகினே இருக்கணும். சுத்தமா இருந்தா ஒண்ணும் வராது."

வீட்டுக்கு வந்ததும், அந்த உச்சி வெயிலில், அம்மா வெந்நீர் வைத்து மறுபடியும் குளித்தாள். அன்றிலிருந்து மூன்று வேளைக் குளியல். சோப்பு தேய்த்துத் தேய்த்து அவள் கை விரல்கள் வெளுத்துப் போயின. அத்தை வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சினாள், சாம்பிராணி போட்டாள், குழாயடியில் யாரோ கேட்டதற்கு "சில பேருக்கு ஒடம்பு வாகு அப்படி" என்று சொன்னாள். அப்பா பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஆனால் அம்மாவின் உடம்பு கொதிக்கும். பால் கட்டியிருக்கும் என்றார்கள்.

தம்பிக்குப் பெயர் வைக்கும் நாளில் தெருப் பெண்களும் சொந்தக்காரர்களும் வந்திருந்தார்கள். அம்மா நடுவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை நிறையப் பூ வைத்திருந்தாள், வழக்கமாக வைப்பதைவிட அதிகமாக. வந்தவர்கள் குனிந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டு உடனே நிமிர்ந்து, முந்தானை நுனியால் மூக்கைத் துடைப்பது போலப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு தாம்பூலத் தட்டோடு அம்மாவின் பக்கத்தில் நின்றேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி வந்து என் காதில், "இன்னாடி உங்க ஊட்ல இப்படி நாறுது?" என்றாள்.

முகம் எரிந்தது. திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, அதற்கு முன்பும் பின்பும் அம்மாவிடம் நான் பேசியிராத ஒரு குரலில் சொன்னேன்:

"நீ தள்ளிப் போய் உக்காரும்மா. ஒங்கிட்ட நாத்தம் அடிக்குது."

யாராவது என்னை அறைந்திருக்கலாம். அத்தை அறையவில்லை, அப்பா அறையவில்லை. அம்மா என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குழந்தையைப் பக்கத்திலிருந்த ஒரு பெண்ணின் மடியில் விட்டுவிட்டு, சுவரில் கை ஊன்றி எழுந்து, சமையலறைக் கதவோரம் அம்மிக்கல்லை ஒட்டிப் போய் உட்கார்ந்துகொண்டாள். தம்பியின் காதில் மூன்று முறை பெயர் சொன்னபோது அங்கிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்து, குழந்தைக்கு எடை பார்க்கவும் தடுப்பூசி அட்டை எழுதவும் நகராட்சி நர்சம்மா வந்தார். குள்ளமான பெண்மணி, தோளில் துணிப்பை, கையில் தூக்குத் தராசு. தம்பியைத் துணியில் தொங்கவிட்டு எடை பார்த்துவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். அந்த மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்த எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். அவர் மட்டும் பாயை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார். அம்மாவின் நெற்றியில் கை வைத்தார். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னாள்:

"நான் சுத்தமாத்தான் கீறேன் சிஸ்டர். மூணு வேளையும் குளிக்கிறேன்."

நர்சம்மா அத்தையைக் குழந்தையோடு வெளியே போகச் சொன்னார். என்னிடம் வெந்நீரும் பழைய செய்தித்தாளும் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். கையுறை மாட்டும் சத்தம், "பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ கண்ணு" என்ற அவர் குரல், அம்மாவின் நீண்ட முனகல். அதன் பிறகு வாடை அலைபோல எழுந்து வந்து என்னைச் சுவரோடு தள்ளியது. திரை விலகியபோது செய்தித்தாளின் மேல் கறுத்து, பச்சை பூத்து, சுருண்டு ஏதோ கிடந்தது. செத்துப்போன ஒரு சின்னப் பிராணி என்றே நினைத்தேன்.

"வந்து பாருங்க" என்று நர்சம்மா அத்தையைக் கூப்பிட்டார். "காஸ் துணி. ரத்தத்த அடைக்கறதுக்கு உள்ள வெச்சுத் தையல் போட்டுருக்காங்க. எடுக்க மறந்துட்டாங்க." பிறகு அம்மாவிடம் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இது உன் அழுக்கு இல்லம்மா. கேக்குதா? உன் அழுக்கு இல்ல."

அம்மா அப்போதுதான் அழுதாள். பிரசவ அறையில் கேட்ட கத்தலை விட எனக்கு அந்த அழுகைதான் பயமாக இருந்தது.

நர்சம்மாவே ஆட்டோ பிடித்து அம்மாவைப் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று அங்கே சொன்னார்களாம். அத்தை தம்பிக்குப் பசும்பாலைத் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினாள். என்னை அம்மாவிடம் விடவில்லை. அம்மா செத்துவிட்டால் நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான் என்ற நினைப்பு மட்டும் என்னோடு இருந்தது. சோற்றில் கை வைத்தால் அந்த நினைப்பு, குழாயடியில் வரிசையில் நின்றால் அந்த நினைப்பு. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா திரும்பி வந்தபோது பாதி உடம்பாக வந்தாள். பால் வற்றிவிட்டது. இனிமேல் குழந்தை தங்காது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்பா அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டார். "எங்க துணின்னு இன்னா சாட்சி? ஊட்ல யாராவது பொம்பளைங்க வெச்சிருப்பாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நர்சம்மா, தான் பார்த்ததை எழுதிக் கொடுப்பதாக, கையெழுத்தும் போடுவதாகச் சொன்னார். அம்மாவும் "நானே வந்து சொல்றேன்" என்றாள். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "இதப் போயி நாலு ஆம்பளைங்க முன்னாடி எப்படிப் பேசறது?" என்றார். அத்தோடு முடிந்தது. மாங்காட்டுக்குத் திரும்பிப் போகும் முன் அத்தை அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "நான் ஒனக்கு சாம்பிராணி போட்டுகினு இருந்தேனே மல்லிகா" என்றாள். "உடுங்க அண்ணி" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் அதைப் பற்றிய பேச்சு அவ்வளவுதான்.

என் பிரசவம் முகப்பேரில் நடந்தது. குளிரூட்டிய அறை, சிரித்த முகத்தோடு நர்சுகள். என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா கதவை மறித்து நின்று, மகள் வயதிருக்கும் ஒரு நர்சிடம், "தையல் போட்டு முடிச்சதும் துணியெல்லாம் எண்ணிப் பாத்துடுங்கம்மா" என்றாள். அந்தப் பெண், "எண்ணாம முடிக்கவே மாட்டோம்மா" என்று பதில் சொன்ன பிறகுதான் வழி விட்டாள்.

போன மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது ஆட்டோ அந்தத் தெரு வழியாக வந்தது. நிறுத்தச் சொல்லி அம்மாவோடு இறங்கினேன். ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு நின்றது. மருந்துக்கடை இல்லை, மாடிப்படி இல்லை, பிரசவ அறை இருந்த இடத்தில் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். டாக்டரம்மா இறந்துவிட்டதாக எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அம்மா கண்ணில் வெயில் படாமல் முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இடிச்சுட்டாங்களா?"

"ஆமாம்மா."

இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் வாய்க்குள் வைத்திருந்ததை அங்கே நின்று சொன்னேன். பெயர் வைத்த அன்று நான் சொன்னது, எல்லோர் முன்னாலும் சொன்னது, அதை நான் மறக்கவே இல்லை என்பது. அம்மா கட்டடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சின்னப் புள்ள, சொல்லிட்ட. அத நான் எப்பவோ உட்டுட்டேன்" என்றாள். "நான் ஏன் எழுந்து போனேன்? எம் புள்ளைக்குப் பேரு வெக்கறாங்க. தப்பு பண்ணவ மாரி எழுந்து போய் மூலையில உக்காந்தேன் பாரு. அதத்தான் இன்னும் நெனச்சுகினு கீறேன்."

கேட்டருகே நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்து வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"யாரப் பாக்கணும்மா? எந்த வீடு?"

"யாரையும் இல்லப்பா. இங்க ஒரு ஆஸ்பத்திரி இருந்துச்சு."

அவர் பின்னால் திரும்பிக் கட்டடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"இங்கயா? அப்படி யாரும் சொன்னதில்லையேம்மா."