மத்தாப்பில் ஒரு கண் சோதனை

எங்கள் சிவகாசியில் மருந்து என்றாலே வெடிமருந்துதான். என் அம்மாவின் கண்ணைச் சோதிக்கவும் அதைத்தான் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

தம்பி பிறந்த பதினோராம் நாளே இறந்துபோனான். அதற்குப் பிறகு அம்மா, "எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தாள். அப்போதுதான் பறித்து வந்த கொத்தமல்லியை வாடிவிட்டது என்பாள். உச்சி வெயிலில், "பொழுது சாஞ்சிருச்சா?" என்று கேட்பாள். பெரியம்மா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அப்பா, மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா தானாக எழுந்து, மாற்றுச் சேலையைப் பையில் எடுத்து வைத்தாள்.

பெரியப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனி. வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். "எதுக்கு அம்புட்டுத் தூரம்? நானே பாத்துச் சொல்லுதேன்" என்று கலர் மத்தாப்புத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். உரசினால் சிவப்பும் பச்சையுமாக எரியும் குச்சிகள். வீடே கூடி நிற்க, அம்மாவை நடுக்கூடத்தில் உட்காரவைத்து ஒன்றைக் கொளுத்தினார்.

"இது என்ன கலரு, சொல்லு தாயி?"

"செவப்பு."

"இது?"

"பச்சை."

"அப்புறமென்ன? கண்ணு நல்லாத்தான இருக்கு!"

"செவப்புன்னு தெரியுதுங்க. ஆனா செவப்பா இல்லியே" என்றாள் அம்மா.

கூடம் முழுக்கச் சிரிப்பு. "அடுப்படிக்கு வர வலிக்குது. என்னமா நடிக்கா!" என்றாள் பெரியம்மா.

அடப்பாவிகளா! நன்றாகச் சிவந்து எரிகிற குச்சியைப் பார்த்தே, "செவப்புல உசுரு இல்லியே" என்று லோடு முழுவதையும் ஒதுக்கிவைக்கிற மனுஷர் பெரியப்பா. தீக்குச்சிக்கு அவர் சொன்னால் தொழில் ஞானம், தன் கண்ணுக்கு அம்மா சொன்னால் நடிப்பாம்! அப்பாவோ அம்மா எடுத்து வைத்த சேலைப் பையைத் திரும்ப அலமாரிக்குள் வைத்தார். மதுரைப் பயணம் அங்கேயே நின்றுபோனது.

அவர்களை மட்டும் திட்டி என்ன? நான் அப்போது மூன்றாம் வகுப்பு. கேள்வி இரண்டு, பதில் இரண்டும் சரி. "எங்கம்மா பாஸ்!" என்று கத்திக்கொண்டே கை தட்டினேன். அம்மா என்னைப் பார்த்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு யாராவது அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.