மேற்குச் சுவரில் சாய்ந்த வரிகள்

தொண்ணூறுகளில் நான் சைடு போர் போடும் வேலையில் இருந்தேன். வற்றின கிணற்றுக்குள் மெஷினை இறக்கி, அடிச்சுவரில் பக்கவாட்டாகத் துளை ஓட்டுவது. நானும் கூட்டாளி ஒருத்தனும்.

தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம். ஒரு அக்காவும் அவங்க கொழுந்தனாரும் பண்ணையம் பார்த்தாங்க. தென்னங்கன்று வைத்து மூணு வருசம். குருத்து வாட ஆரம்பித்திருந்தது. மறுநாள் மெஷின் சூலூர் போகணும், பேசியாச்சு. திரும்பி வர ஒரு மாசம் ஆகும். அதுவரை கன்று தாங்காது.

அமராவதி ஆறு கிழக்கே. அதனால் கிழக்கே ஓட்டச் சொன்னார் கொழுந்தனார். மத்தியானம் வரை களிமண்தான் வந்தது. சொட்டுத் தண்ணி இல்லை. இன்னும் ஒரு துளைக்குத்தான் பொழுது இருந்தது.

எல்லாரும் சோத்துக்கு மேலே போனாங்க. நான் உள்ளேயே உட்கார்ந்தேன். எதிரே மேற்குச் சுவர். மணல் கல்லாக இறுகிக் கிடந்தது. அதில் வரி வரியாக. மட்டமான வரி இல்லை. அத்தனையும் வடக்கே பார்த்துச் சாய்ந்து இறங்கின.

இதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்கு வரும் முன்னால் அமராவதியில் மணல் அள்ளினவன் நான். வெள்ளம் வடிந்ததும் மணல்திட்டை மம்பட்டியால் வெட்டினால் உள்ளே இதே வரிதான். தண்ணி போன பக்கம்தான் சாயும்.

எழுந்து சுவரை ஈரத்துணியால் துடைத்தேன். வரிக்கு அடியில் கூழாங்கல். தட்டைக் கல்லெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, தலை வடக்கே. ஆற்றிலும் கல் அப்படித்தான் படுக்கும், ஓட்டத்துப் பக்கம் தலை வைத்து. மணலும் கல்லும் ஒரே சங்கதியைத்தான் சொன்னது. ஒரு காலத்தில் ஆறு இங்கே ஓடியிருக்கிறது. தெற்கேயிருந்து வடக்கே, இந்தக் கிணறு இருக்கும் இடத்தை உரசிக்கொண்டு. அந்தப் பழைய மணலுக்குள் ஊற்று இன்னும் ஓடும்.

கத்திக் கூப்பிட்டேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. பாம்பென்று நினைத்துக் கூட்டாளி தடியோடு இறங்கினான், பின்னாலேயே கொழுந்தனாரும்.

சொன்னேன். மூணாங்கிளாஸ் இஞ்சினீயரு என்று சிரித்தான். கொழுந்தனார் சிரிக்கவில்லை. வரி வடக்கே இறங்கினால் தண்ணியும் அங்கேதானே கிடக்கும், வடக்கே ஓட்டு என்றார். அது போன தண்ணியைத் துரத்துகிற வேலை, வருகிற பக்கம் போய்ப் பிடிக்கணும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

அக்கா மேலேயிருந்து கேட்டாங்க. "ஏனுங்க, உங்க தோட்டமா இருந்தா எந்தப் பக்கம் ஓட்டுவீங்க?"

"தெக்கேங்க."

"அப்ப ஓட்டுங்க."

நாற்பது அடி வரை வெறும் பொடி. அப்புறம் கம்பி சட்டென்று உள்ளே போனது. உருவினோம். முதலில் கூழாங்கல் வந்தது, ஈரமாக. கூட்டாளி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பின்னாலேயே கலங்கல். அப்புறம் கை மொத்தத்துக்குத் தண்ணி.

கொழுந்தனார் மோட்டாரைப் பார்க்க ஓடினார். கூட்டாளி மெஷினை ஏற்றினான். எனக்கு ஏற மனசில்லை. வடக்குச் சுவரில், கொஞ்சம் மேலே, இன்னொரு அடுக்கு இருந்தது. அது கிழக்கே சாய்ந்திருந்தது. பிற்பாடு ஆறு கிழக்கே திரும்பியிருக்கிறது. விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். தண்ணி ஏற ஏற வரி ஒவ்வொன்றாக முங்கியது.

இடுப்புக்கு வந்த பிறகுதான் ஏறினேன்.